நீராம்பரத்தில் மாடி வீடுகள் இல்லை

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பிலிருந்து பிறந்தது. அதற்கு முன் நான் எழுதிக்கொண்டிருந்தது வேறு: கடைசி அத்தியாயத்தில் கடலுக்குள் போகும் ஒரு நகரத்தைப் பற்றிய மாயப் புதினம். நகரத்தின் பெயர் நீராம்பரம். தாம்பரம் ரயில் நிலையத்தில் பெயர்ப்பலகையின் முதல் எழுத்தைத் துணைக்கால் மட்டும் தெரியும்படி தூண் மறைத்திருந்தது. மிச்சத்துக்கு முன்னால் நீரைச் சேர்த்தேன். (கற்பனை ஊர்கள் பலவும் பக்கத்து ஊரின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் பிறக்கின்றன.)

2

என் மாமா மகன் பாலகுரு முடிச்சூரில் மனை பிரித்து விற்பவன். புது நகருக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தவனிடம் இதைச் சொன்னேன்.

"சூப்பர்க்கா. தாம்பரம் பக்கம்னு நினைப்பாங்க. நீர்னு வேற இருக்கு, நல்ல தண்ணின்னு வாங்குவாங்க."

சிரித்தபடி, எடுத்துக்கொள் என்றேன். அந்தச் சிரிப்பை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

3

துயரமே உருவான ஜஹீரா…

இல்லை. ஜஹீரா பாலகுரு விற்ற நீராம்பரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர். கணவர் அத்தாவுல்லா எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். மகள் அஃப்ஷானைப் பள்ளியில் ஊர்ப்பெயரின் வரலாறு எழுதச் சொன்னார்களாம். ஜஹீரா பாலகுருவிடம் என் போன் எண்ணை வாங்கி அழைத்தார். நாவலுக்காக நான் உண்டாக்கிய பெயர் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். கதையில் அந்த ஊர் என்ன ஆகிறது என்று கேட்டார். இன்னும் எழுதவில்லை என்றேன். உண்மைதான்.

4

அதன்பின் எழுதவும் முடியவில்லை. முதல் அலை கோட்டைச் சுவரை [இந்த வாக்கியம் இங்கேயே நிற்கிறது]. அலை வந்தால் அஃப்ஷானின் சைக்கிள் நனைகிறது. நகரத்தைக் காப்பாற்றிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.

ஐப்பசி மழையில் நிஜ நீராம்பரத்துக்குள் தண்ணீர் புகுந்தது. பதறி அழைத்தேன். குடும்பத்தோடு மாடியில் இருப்பதாக ஜஹீரா சொன்னார். மன்னிப்புக் கேட்பதுபோல் என் கதையின் முடிவைச் சொன்னேன்.



"பேரு வெச்சதாலயா தண்ணி வந்துச்சு? ஏரித் தண்ணி போற வழில ப்ளாட் போட்டாங்க. நாங்களும் வாங்கிட்டோம்." பிறகு கேட்டார்: "உங்க கதை ஊர்க்காரங்களுக்கு மாடி இருக்காக்கா?"

இல்லை. அரசனுக்குக் கோபுரங்கள் வைத்தேன். மற்றவர்களுக்கு ஒரு மாடிகூட வைக்கத் தோன்றவில்லை.

5

ஜஹீரா வீட்டைப் பூட்டிவிட்டு அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு வந்துவிட்டார். (அதுவும் பழங்கதையிலிருந்து வந்த பெயர். அங்கே யாரும் அர்த்தம் கேட்பதில்லையாம்.)

கடைசி அத்தியாயம் இன்னும் முடியவில்லை. வீடு வீடாக மாடி கட்டிக்கொண்டிருக்கிறேன். நிறைய வீடுகள். அதுவரை தண்ணீரை நீங்கள் கொஞ்சம் பிடித்து வைத்திருங்கள்.