உருள்கிற எதுவும்

லோகேஸ்வரி பலகையின் ஒரு முனையை மைலோ டின்னின் மேல் ஏற்றிவைத்துக் கோலிக்குண்டை விட்டாள். அது கடகடவென்று இறங்கி, சிமெண்டுத் தரையில் ஓடி, கால்மிதியில் ஏறியதும் நின்றுபோனது.

"பாத்தியா? சிமெண்டுல ஓடுச்சி, துணியில நின்னுருச்சி. ஏன்னு சொல்லு பாப்போம்."

கட்டிலில் சாய்ந்திருந்த யுவனிஷா, "உராய்வு" என்றாள். "அதான் புக்குலயே போட்டிருக்கேலாம்மா." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து ரத்தப் புற்றை அடக்கியது; கூடவே கால்களின் வலுவையும் எடுத்துக்கொண்டது. கிருமி தொற்றாமலிருக்கக் கூட்டத்தில் சேரக்கூடாது என்பதால் இந்த வருடம் பள்ளிக்கூடம் வீட்டில்தான். டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னதோ வேறு: தினமும் நடக்க வையுங்கள். முதல் நாள் நடக்கப் போய் வாசலில் விழுந்தாள். அதன்பின் காலைத் தரையில் ஊன்றவே பயம். குளியலறைக்குக்கூட அம்மாவின் இடுப்பில்தான் போய்வந்தாள். அறிவியலில் எத்தனையோ பாடம் இருக்க, பொருள்கள் எப்படி நகர்கின்றன என்பதை லோகேஸ்வரி முதலில் எடுத்தது இதனால்தான். கெஞ்சியும் அதட்டியும் ஆகாதது பாடமாக வந்தால் ஆகுமோ என்று ஒரு நப்பாசை.

பலகையும் கோலியும் போதாது என்று தெரிந்துவிட்டது. அன்று மாலை செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பின் வாட்சப் குழுவில் எழுதினாள்: 'பாப்பா பாடத்துக்கு உருள்கிற எதுவும் இருந்தால் தாருங்கள். பழசானாலும் பரவாயில்லை.' அனுப்பிய பிறகு கூச்சமாக இருந்தது. மருந்து நாட்களில் முறை வைத்துக் காரோட்டியதும், சோறாக்கி வந்ததும் இதே வீடுகள்தான். இன்னும் எவ்வளவுதான் கேட்பது?

மறுநாள் காலை கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஆளைக் காணோம், பொருள்கள் மட்டும். மோட்டார் பேரிங்குகள், நாற்காலிச் சக்கரம், ஒரு கப்பி, யாரோ பேரனை வைத்துத் தள்ளிய பழைய பிள்ளைவண்டி. எல்லாம் கழுவித் துடைத்து டெட்டால் மணத்தோடு இருந்தன. வண்டியின் சக்கரக் கம்பிகளுக்கு நடுவில்கூட அழுக்கில்லை. கழுவித் தரவா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் யாருக்கும் சொல்லவில்லை. தாங்களாகவே நினைத்துச் செய்திருக்கிறார்கள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வந்தாள்.

யுவனிஷா எழுந்து உட்கார்ந்தாள்.

"யாரும்மா குடுத்தது?"

"எல்லாரும்தான்."

மகள் ஒரு பேரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றியபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளைவண்டியைக் காட்டி, "இந்த டயர் மேல பலகைய வச்சா நான் உக்காரலாமா?" என்றாள். பல மாதங்களில் அவளாகக் கேட்ட முதல் காரியம் அது.

ரந்தா டவுனில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கும் புனிதன், பக்கத்து வீட்டுப் பையன், முகக்கவசத்தோடு கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்து பலகையைச் சக்கரங்களில் பூட்டிக்கொடுத்தான். "பின்னால கயிறு கட்டிருக்கேன்க்கா. பிரேக் கிடையாது. கைய விட்றாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட வெயிலில், செம்பனை வரிசையை நோக்கி மெல்ல இறங்கும் மண்பாதைக்கு மகளைத் தூக்கி வந்தாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. பலகையில் உட்கார வைத்ததும் வண்டி நகர்ந்தது. கயிற்றை இறுகப் பிடித்தபடி லோகேஸ்வரி பின்னால் நடந்தாள்.

"விடும்மா."

"விழுந்துருவ."

"கீழ புல்லு இருக்குலா. தானா நின்னுரும்மா. விடு!"

அந்தக் குரலில் பயமில்லை. அதைக் கேட்டதும் லோகேஸ்வரியின் கை தளர்ந்தது. கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு போயிற்று. பலகையின் இரு ஓரங்களையும் பற்றியபடி யுவனிஷா இறங்கினாள். சத்தமாக ஏதோ கத்தினாள், சிரிப்பா கூச்சலா என்று தெரியவில்லை. புல்லில் ஏறி, வேகம் குறைந்து, வண்டி நின்றது.

லோகேஸ்வரி ஓட அடியெடுத்தாள்.

"வராதம்மா! வண்டிய நானே கொண்டாறேன்!"

பிள்ளை ஒரு காலை இறக்கினாள், பிறகு மற்றதை. முழங்கால்கள் நடுங்குவது மேலிருந்தே தெரிந்தது. தன் வாசலில் நின்ற புனிதன் ஓரடி முன்னால் வைத்து, அங்கேயே நின்றுகொண்டான். எந்த வாசலிலிருந்தும் யாரும் ஓடவில்லை. ஓடிவந்து தூக்க அத்தனை கைகள் இருந்தும் அவர்கள் பொறுத்து நின்றார்களே, இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று லோகேஸ்வரிக்குத் தெரியவில்லை. அவளும் நின்றாள்.

வண்டி மேல்நோக்கித் திரும்பி அசைந்தது. நனைந்த செம்மண்ணில் சக்கரத் தடங்கள் மெல்ல நீண்டு வந்தன. அவற்றின் நடுவே சின்னச் செருப்புத் தடங்கள், ஒன்று கோணலாக, ஒன்று இழுபட்டு, ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்து ஆழமாக அழுந்தி, அதற்கும் மேலே புதிதாக இன்னொன்று.