உலகம்மை தட்டிய கதவுகள்

போன ஐப்பசியில் சுயம்புலிங்கம் பிள்ளையின் மருமகள் உலகம்மை குளத்தில் மிதந்தாள். கால் வழுக்கிவிட்டது என்றார் பிள்ளை. தெருவும் அப்படியே சொன்னது. பிள்ளை அவளை வெளியே தள்ளிக் கதவடைத்ததையும், அந்தி மழையில் அவள் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு போனதையும் கேட்காத காது அங்கே இல்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. திருவிதாங்கூரை விட்டுத் தாய்த்தமிழகத்தோடு சேரவேண்டும் என்று போலீஸ் தடிக்கு முன்னால் நின்று கத்தின தெருதான்.

அப்புறம் அந்தி மழை பெய்தாலே கதவுகள் தட்டப்பட்டன. திறந்தால் ஆளில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அகாலமாய்ச் செத்த பெண்ணைத் தெய்வமாக்கும் ஊர் வழக்கப்படி, பிள்ளையே முன்னின்று குளக்கரையில் உலகம்மையை இசக்கியம்மனாக நிறுத்திக் கொடைவிழாவுக்கும் நாள் குறித்தார். கையோடு, பெண்டாட்டி செத்த தன் மகனுக்கு அடுத்த வீட்டுத் தாணம்மாளின் மகள் பகவதியைக் கேட்டார். தாணம்மாளின் புருஷன் சிவதாணு தலையாட்டிவிட்டார்.

"அந்த வீட்டுக்கா? வேண்டாம்" என்றாள் தாணம்மாள்.

"மிண்டாம இருட்டி. ஊரு பூரா யோகம்னு சொல்லுது. ஒனக்கு மட்டும் என்ன கேடு?"

"ஊருக்கும் காது கேட்டுதுல்லா?"

"கேட்டுது. எவனாம் சொன்னானா?"

கொடையன்று உச்சிவேளையில் வில்லுப்பாட்டு. செத்தவள் கதையைப் பாடினால்தான் இசக்கி யார் மேலாவது இறங்குவாள். பிள்ளை சொல்லிக்கொடுத்தபடியே புலவர் பாடினார்: குடத்தோடு போனாள், கால் வழுக்கினாள். மேளம் முறுகியது. ஒருவரும் ஆடவில்லை. மறுபடி பாடினார். வேப்பிலைகூட அசையவில்லை.

புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலைக் கீழே வைத்தார். "கதையில குறை உண்டும். தெரிஞ்சவிய சொல்லுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

தாணம்மாள் எழுந்தாள். "வழுக்கல்ல. அண்ணாச்சி, நீங்கதான் அவளைத் தள்ளிக் கதவடைச்சிய. எங்க நடையிலயும் வந்து 'அக்கா, அக்கா'ன்னு விளிச்சா. நான் திறக்கப் போனேன். இந்த மனுசன் தாழ்ப்பாள்ல கைய வச்சிட்டு நின்னாரு. எம் மகளை உங்க வீட்டுக்கு…"

"இசக்கி எறங்கிட்டா!" என்று கூட்டத்தில் ஒருத்தி வீரிட்டாள். பெண்களின் குரவைச் சத்தம் கிளம்பியது. மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு தாணம்மாள் தலையில் கவிழ்த்தார்கள்.

"நான் தாணம்மையாக்கும்! கோட்டிக்காரியளா, தாணம்மை!"

"ஆமா தாயே, ஆமா."

முதலில் காலில் விழுந்தவர் பிள்ளைதான். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. "பொறுத்துக்கோ உலகம்மே. அடுத்த கொடைக்குப் பட்டு சாத்துகேன்."

தாணம்மாள் புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீங்களாவது சொல்லுங்க. நான் ஆருன்னு சொல்லுங்க!"

சிவதாணு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார்.

"மனசு குளுந்து போ தாயே. பகவதி கல்யாணத்தை நீதான் கூட நின்னு நடத்தித் தரணும்."