ஏழாம் நம்பர்

மகள் ஷெரோன் கூடைப்பந்துக் களத்தை விட்டு வந்து ஓரத்து வாங்கில் உட்கார்ந்து, துவாயைத் தலையில் போட்டுக்கொண்டபோது மார்கிரட்டின் போனில் நேரம் நாலு இருபத்தாறு. பிரான்ஸிலிருந்து கணவன் கனிசியஸ் லைவ்வில் பார்க்கத் தொடங்க இன்னும் நாலே நாலு நிமிடம். மார்கிரட் எழுந்தாள், இருந்தாள், திரும்பவும் எழுந்தாள். எதிரணியான அளவெட்டியோடு வந்து பக்கத்துக் கதிரையிலிருந்த உதயகலா தன் குடையைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள். போகிறாளா இருக்கிறாளா என்று அவளுக்கும் விளங்கவில்லை, மார்கிரட்டுக்கும் விளங்கவில்லை. எதிரே புள்ளிப் பலகையில் ஐம்பத்திரண்டுக்கு ஒன்பது என்று எழுதியிருந்தது. அந்த ஐம்பத்திரண்டில் முப்பத்தொன்று ஷெரோன் போட்டது.

பிழை முழுக்க மார்கிரட்டுடையதுதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் யாராயிருந்தாலும் அந்தப் பிழையைத்தான் விட்டிருப்பார்கள். அமரர் தம்பிராசா ஞாபகார்த்தக் கிண்ணம், மானிப்பாய், பிற்பகல் மூன்றரை என்று நோட்டீசில் போட்டிருந்தது. மூன்றரை என்றால் நாலரை. பிரதம விருந்தினர் வரவேண்டும், மாலை போடவேண்டும், விளக்குக் கொளுத்தவேண்டும், ஒரு நிமிட மௌனம், பிறகு ஐந்து பேர் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி நீட்டி முழக்கவேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் அவள் கனிசியஸுக்கு நாலரை என்று சொல்லியிருந்தாள். அவனுக்கு வேலைத்தலத்தில் ஒரு மணிக்கு ஓய்வு. அங்கே ஒரு மணி, இங்கே நாலரை. மாதா பார்த்துப் பொருத்திவிட்ட நேரம் என்று நினைத்தாள். இன்றைக்கென்று பார்த்து, வந்த விருந்தினருக்குக் கொடிகாமத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. மனிதர் மூன்றேகாலுக்கே வந்து, நாலு வசனம் பேசி, விளக்கைக் கொளுத்திவிட்டுப் பறந்துவிட்டார். மூன்றரைக்கு ஊதல் ஊதிவிட்டார்கள்.

கனிசியஸ் போய்ப் பதினொரு வருடம். ஷெரோனுக்கு அப்போது ஐந்து வயது. ஹொட்டேல்களின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் தோய்க்கிற இடமொன்றில் வேலை. விசா இன்னும் சரிவரவில்லை, அதனால் ஒருமுறைகூட வந்துபோக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோவில் கதைப்பார்கள். போனில் முகம்தான் தெரியும், அதுவும் குருநகர் வீட்டு மங்கல் வெளிச்சத்தில் பாதி முகம். மகள் எழுந்து நின்றால் எவ்வளவு உயரம் என்று அந்த மனிதனுக்குத் தெரியாது. போன ஞாயிறு, "மச்சை லைவ்விலை விடினமாம் அப்பா" என்று ஷெரோன் சொன்னதும் குழந்தைப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். எத்தனையாம் நம்பர் என்று இரண்டு தரம் கேட்டான். ஏழு என்றாள். பங்குக் கோயில் கழகத்தில் உதைபந்து விளையாடின காலத்தில் அவனுடைய நம்பரும் ஏழுதான். அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவள் ஷெரோன். கனிசியஸ் மூக்கை உறிஞ்சினான்.

மார்கிரட் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு களத்தின் ஓரத்தால் சுற்றி, பயிற்றுநர் கொலின்ஸ் நின்ற இடத்துக்குப் போனாள்.

"மாஸ்டர், பிள்ளைக்கு ஏதும் நோவே?"

"ஒரு நோவும் இல்லையக்கா. காணும் எண்டுதான் எடுத்தனான்."

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, காணுமெண்டுறியள்?"

கொலின்ஸ் நாடியால் பலகையைக் காட்டினான். "அங்கை பாருங்கோ. இதுக்கு மேலையும் அவளை விட்டா அது விளையாட்டில்லை. அதுகளும் பிள்ளையள், அளவெட்டியிலையிருந்து பஸ் பிடிச்சு வந்ததுகள். நாளைக்கு எங்களுக்கு ஃபைனல், இவள் முழங்காலை உடைச்சுக்கொண்டு நிண்டா நான் என்ன செய்யிறது? இந்த வாங்கிலை இருக்கிறதுகளும் விடிய அஞ்சரைக்கு வந்து வருசம் முழுக்க ஓடினதுகள்தானே. எப்ப இறக்கிறது உதுகளை?"

அவன் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. வேறொரு நாளென்றால் மார்கிரட்டே அப்படித்தான் சொல்லியிருப்பாள். வென்ற பிறகும் அடித்துக்கொண்டிருக்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இன்றைக்கு நியாயம் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

"தகப்பன் பாக்கப்போறார் மாஸ்டர். இண்டைக்குத்தான் முதல்முதல். பதினொரு வருசம்." கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். "மூண்டரை எண்டா நாலரைக்குத்தான் தொடங்குவியள் எண்டு நினைச்சிட்டன்."

கொலின்ஸ் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான், அரக்கப்பரக்க ஓடிவந்தன்." ஊதல் கயிற்றை விரலில் சுற்றினான். "சரியக்கா. கடைசி மூண்டு நிமிசம் விடுறன். அதுக்கு மேலை கேக்காதேங்கோ."

துவாய்க்குள்ளிருந்து ஷெரோன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, பேசாமல் போய் இருங்கோ. எல்லாரும் பாக்கினம்." ஆனால் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் நிலத்தில் நில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. தாய்க்குத் தெரியாதா.

மார்கிரட் திரும்பி வந்து இருக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மூன்று நிமிடமாவது பார்க்கட்டும், அதுவரை ஏதாவது சொல்லிச் சமாளிப்போம் என்று எண்ணிக்கொண்டு எடுத்தாள். பின்னால் மெஷின்கள் உறுமுகிற சத்தம். அதற்கு மேலால் கனிசியஸ் கத்தினான்.

"பாக்கிறன், பாக்கிறன்! ஒரு பெடியன்ரை போனிலை லைவ் போகுது, சத்தம்தான் வரேல்லை. மார்கிரட், ஓடுறாளப்பா! என்ன ஓட்டம் ஓடுறாள்!"

மார்கிரட் களத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கைப் பார்த்தாள். ஷெரோன் அங்கேதான் இருந்தாள்.

"ஆர்?"

"ஆரோ? எங்கடை ஏழாம் நம்பர்தான்!"

அப்போதுதான் அவளுக்கு விடியப்புறம் நடந்தது ஞாபகம் வந்தது. கனடாவிலிருந்து பழைய மாணவிகள் புதுச் சட்டைகள் அனுப்பியிருந்தார்கள், நேற்றுத்தான் பெட்டி உடைத்தார்கள். ஏழாம் நம்பர் சட்டை சின்ன அளவில் வந்திருந்தது, ஷெரோனின் தோளுக்குள் ஏறவில்லை. "எனக்குப் பதினாலு தந்திருக்கினம், அப்பாட்டைச் சொல்லிவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். மார்கிரட் அப்போது நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் நண்டு. கை கழுவிவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தது அப்படியே போய்விட்டது. ஏழாம் நம்பர் சட்டைக்குள் இப்போது ஓடிக்கொண்டிருப்பது பிரசாந்தி. அணியிலேயே கட்டையான பிள்ளை. வருடம் முழுக்க வாங்கில் இருந்து தண்ணீர்ப் போத்தல் எடுத்துக்கொடுத்த பிள்ளை. கமெராவை மேடைக்கு மேலே தூரத்தில் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் இரட்டைப் பின்னலும் கறுத்த முகமும்தான்.

"இஞ்சரப்பா, அது வந்து..."

"ஐயோ, விழுந்திட்டாள்!" கனிசியஸ் அலறினான். லைவ் அரை நிமிடம் பிந்தித்தான் அங்கே போனது. இங்கே பிரசாந்தி விழுந்து, எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டி முடித்துவிட்டாள். "எழும்பு மோனை, எழும்பு... ஆ, எழும்பிட்டாள். பாத்தியே, அழேல்லை. என்னை மாதிரி."

மார்கிரட் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பந்து எப்படியோ பிரசாந்தியின் கைக்கு வந்தது. எறியத் தெரியாமல் எறிந்தாள். அது வளையத்தில் பட்டு, இரண்டு தரம் சுற்றி, போகவா வேண்டாமா என்று நின்று யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. வாங்கு முழுக்க எழுந்து துள்ளியது. எல்லாரையும்விட உயரமாகத் துள்ளியது ஷெரோன், துவாயைச் சுழற்றிக்கொண்டு. மார்கிரட் மனதுக்குள் எண்ணினாள். இருபது, இருபத்தைந்து, முப்பது. போனுக்குள் மெஷின்களின் உறுமல் மட்டும். பிறகு யாரோ வேறு பாஷையில் கத்துவதும் கை தட்டுவதும் கேட்டது. பிறகுதான் கனிசியஸ் அழுவது கேட்டது. பெரிய மனிதன் விக்கி விக்கி அழுதான்.

"பாத்திட்டன் மார்கிரட். காணும். என்ரை பிள்ளையைப் பாத்திட்டன்."

இதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் விட்டாலும் இருக்கமுடியாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷெரோனைத் திரும்பக் களத்தில் இறக்கப்போகிறார்கள். வேண்டாம், இனி இறக்கவேண்டாம் என்று அவளுக்குப் பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் எதற்காகக் கெஞ்சினாளோ, அதுவே இப்போது நடக்கக் கூடாது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, களத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கொலின்ஸைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். கொலின்ஸ் அதைப் பார்த்தான். மனுசி அவதிப்படுகிறது என்று எடுத்துக்கொண்டான் போல, சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஷெரோனைத் தட்டி எழுப்பினான். மச் முடிய இன்னும் நாலு நிமிடத்துக்கு மேல் இருந்தது.

பிரசாந்தி வெளியே வந்தாள். வரும்போது சனத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கென்று யாரும் வந்திருக்கவில்லை. ஷெரோன் அவளுடைய தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். போன கையோடு பந்தைப் பறித்தாள், இரண்டு பேரைத் தாண்டினாள், எம்பினாள். மார்கிரட்டுக்கு நெஞ்சு நிறைந்து போனது. என்ன பிள்ளை இது, தன் வயிற்றில் பிறந்ததா என்று இருந்தது. பக்கத்தில் உதயகலா, "ஏன் திரும்பவும் விட்டவை? எங்கடையள் இப்பதான் கொஞ்சம் மூச்சு விட்டதுகள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன் வெடித்தது. "ஏன் பிள்ளையை எடுத்தவங்கள்? மார்கிரட்! நல்லா விளையாடிக்கொண்டு நிண்டவளை ஏன் எடுத்தவன் உந்த விசரன்?"

"மற்றப் பிள்ளையளும் விளையாடத்தானே வேணும்..."

"இப்ப வந்தவள் ஆர், உந்த நெட்டைப் பெட்டை? பதினாலு?" மார்கிரட் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "அடிக்கிறாளப்பா, பார். நாப்பது கூடக் கிடக்கு, இன்னும் அடிக்கிறாள். வெண்ட மச்சிலை உவளுக்கென்ன வீரம்? ஒரு சின்னப் பிள்ளை ஆசையா விளையாடினதைப் பொறுக்கேலாமல் வந்திட்டாள். தாய் தேப்பன் சொல்லிக் குடுக்கேல்லைப் போலை."

மார்கிரட் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. அங்கே மணி அடிப்பது கேட்டது.

"போறன், முதலாளி கூப்பிடுறான். பிள்ளைக்குச் சொல்லு, அப்பா பாத்தவர் எண்டு."

ஊதல் ஊதியது. அறுபதுக்குப் பதினொன்று. பிள்ளைகள் வரிசையில் நின்று கை கொடுத்தார்கள். அளவெட்டிப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஷெரோனோடு நின்று படம் எடுத்தார்கள், ஒருத்தி படம் எடுக்காமல் போய்ப் பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். படம் எடுத்து முடிந்ததும் ஷெரோன் வியர்வை வழிய ஓடிவந்தாள். எட்டித்தான் மார்கிரட் மகளின் முகத்தைத் துடைக்கவேண்டியிருந்தது.

"அப்பா பாத்தவரே?"

"ஓம். பாத்தவர்."

"கடைசியா நான் போட்டதையும்?"

"அதையும்தான்."

"என்ன சொன்னவர்?"

மார்கிரட் துவாயின் நுனியை மடித்தாள், விரித்தாள். "வெண்டுகொண்டு நிக்கேக்கை மற்றப் பிள்ளையளையும் விளையாட விடட்டாம்."

ஷெரோன் நெற்றியில் ஒட்டின மயிரை ஒதுக்கினாள். பிறகு முகம் மலர்ந்தது. "அப்பாவுக்கு விளங்குது பாத்தீங்களே. நான் மாஸ்டரிட்டைச் சொன்னனான், என்னை இறக்க வேண்டாம், அவள் நிக்கட்டும் எண்டு. அவர்தான், உன்ரை அம்மா சும்மா இருக்க விடுறாவில்லை எண்டார்."

கையிலிருந்த போன் நடுங்கியது. கனிசியஸ் படம் ஒன்று அனுப்பியிருந்தான், லைவ்விலிருந்து பிடித்த படம். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, வாயைத் திறந்தபடி பிரசாந்தி. கீழே 'என்ரை பிள்ளை' என்று எழுதியிருந்தது.

"அப்பாவே? காட்டுங்கோ," என்று ஷெரோன் கையை நீட்டினாள்.

மார்கிரட் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். மகளின் கை நீண்டபடியே நின்றது. அவளுக்குப் பின்னால், வெறுமையாகிப்போன வாங்கின் அடியில், ஏழாம் நம்பர் முதுகு தெரியக் குனிந்து தண்ணீர்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் பிரசாந்தி.