தலைவர் வீட்டு நாய் கடிக்காது

ஏகாம்பரம் கீரனூர்ப் பக்கத்து ஊராட்சி ஒன்றின் முன்னாள் தலைவர். பதவி போன பிறகும் "தலைவரே" என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். எந்த வேலைக்கும் தாமாகப் போகும் வழக்கமில்லை. வரிசையில் நிற்பது, துக்கம் கேட்பது எல்லாம் ஐம்பது வயது டிரைவர் கவியரசன்தான். பழநிக்குத் தலைவர் வேண்டிக்கொள்வார், கவியரசன் போய் மொட்டை போட்டுக்கொள்வார். முருகன் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவரை அவர் வளர்த்த ராஜபாளையம் நாயே கையில் கடித்துவிட்டது.

கை வலித்ததைவிட மானம்தான் அதிகம் வலித்தது. நாலு நாளைக்கு முன்புதான் கிராம சபையில் எதிர்வீட்டு முத்துமாரியம்மாள் எழுந்து, "ஒங்க நாய் கெண்டக்கால்ல கடிச்சிருச்சுங்க" என்றாள். தலைவர் மைக்கை வாங்கினார். "என் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது!" நாய் பிறந்ததிலிருந்து ஊசியையே பார்த்ததில்லை. ஆனாலும் சபை கைதட்டியது.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் நாய் என்று கேட்டு எழுதுவார்களே! காயத்தில் காப்பித்தூளை அப்பிக்கொண்டு கவியரசனைக் கூப்பிட்டார். "எம் பேரைச் சொல்லாம ஊசிமருந்தை வாங்கிட்டு வா."

கவியரசன் இரண்டு புஜத்தையும் தடவிக்கொண்டே திரும்பினார்.

"மருந்தைக் கையில தரமாட்டாங்களாம், கடிபட்ட ஆளுக்குத்தான் போடுவாங்களாம். ஒங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னீங்க. அதான் நானே போட்டுக்கிட்டேங்க."

"காயம் எங்கன்னு கேக்கலையா?"

"கருவமுள்ளு கிழிச்சதைக் காமிச்சேங்க."

தலைவருக்குக் கோபம் வந்தாலும், பாதி நிம்மதியும் வந்தது. மொட்டையை ஏற்றுக்கொள்ளும் உலகம் ஊசியை ஏற்காதா என்ன?

நாய் ஏற்கவில்லை. மறுநாள் எச்சில் ஒழுகக் கிடந்தது, அதற்கடுத்த நாள் செத்துப்போனது. தலைவருக்குச் சாவு பயம் பிடித்துக்கொண்டது. சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் தாமே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பறந்தார்.

நர்ஸ் அன்புமொழி அவர் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவ வைத்தாள். ஊசியும் போட்டாள். "காயத்தைச் சுத்திப் போடுற மருந்து புதுக்கோட்டையிலதான் இருக்கு. இப்பவே போங்க. யார் நாய்ங்க?"

"என் நாய்தான்மா."

"வேற யாரையாவது கடிச்சுதா?"

தலைவர் வண்டிக்கு ஓடினார். அடுத்த நிமிஷம் வண்டி முத்துமாரியம்மாள் வாசலுக்குப் போய் நின்றது. அவள் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாய் கடிச்சதுக்கு ஊசி போட்டுக்கிட்டியா ஆத்தா?"

"இல்லீங்க. ஊருக்கு வர்ற கிராம நர்ஸம்மா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாக. தலைவரே மைக்குல சொல்லிட்டாரு, ஒண்ணும் ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

தலைவர் வண்டிக் கதவைத் திறந்தார்.

"ஏறு ஆத்தா. நான் சொன்னது பொய்."