ஒரு கேபிளில் இரண்டு பேர்

கறுப்புத் திரையின் ஓரத்தில் இரண்டு வெள்ளை வரிகள் வந்து நின்றன. முதல் இடத்தில் டிஸ்க் எதுவும் இல்லை. இரண்டாம் இடத்திலும் இல்லை. நெரெய்தா கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே இரண்டு வரிகள்.

அவளுடைய டிஸ்க்கில்தான் பாடகர் குழுவின் ஒலிப்பதிவுகள் இருந்தன. இந்த ஊரில், சியென்ஃபுவேகோஸில், அவள் இத்தனை வருடம் நடத்திய குழு. வேறு பிரதி கிடையாது. கடல் தாண்டி மெரிதா நகரத்து இசைப்பள்ளியிலிருந்து வந்திருந்த எல்வீரா என்ற ஆசிரியை, பதிவை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தால் கையோடு எடுத்துப் போய் அங்கே தேர்வுக் குழுவிடம் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே பாடகர் குழு நடத்துநர் வேலை ஒன்று காலியாக இருந்தது. எல்வீராவின் பஸ் நான்கு மணிக்கு ஹோட்டல் வாசலிலிருந்து கிளம்பும். இப்போதே மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சிடி போகாவிட்டால் அந்த வேலை இன்னொருத்திக்கு. அவள் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

இந்த வீடு என்பது பாதி வீடு. லிசாந்த்ரோவும் அவளும் விவாகரத்து வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. போக இருவருக்கும் வேறு இடம் கிடைக்கவில்லை. கூடத்தின் நடுவே பிளைவுட் தடுப்பை நிறுத்தினார்கள். அவன் பக்கம் ஜன்னல், அவள் பக்கம் பால்கனி. இந்தத் தெருவில் அப்படி இன்னும் இரண்டு வீடுகள் இருந்ததால் யாரும் அதை ஒரு பேச்சாக எடுப்பதில்லை. அடுப்பும் ஃபிரிட்ஜும் கம்ப்யூட்டரும் பொது. கம்ப்யூட்டர் நடைவழியில், தடுப்பு முடியும் இடத்தில், யாருடைய பக்கமும் இல்லாமல் இருந்தது.

பெட்டிக்குள் அவனுக்கு ஒரு டிஸ்க், அவளுக்கு ஒரு டிஸ்க். போன கோடையில் மின்சாரம் எகிறியபோது மதர்போர்டில் ஒரு பக்க சாக்கெட் கருகிவிட்டது. மிஞ்சிய ஒரே கேபிளில் இரண்டு செருகிகள் இருந்தன, ஆளுக்கு ஒன்று. சிடி எழுதும் ரைட்டர் கேபிளில் இடம் இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. எந்த டிஸ்க்கின் முதுகில் ஜம்பர் மாட்டியிருக்கிறதோ அதை வைத்துத்தான் பெட்டி எழுந்திருக்கும். ஜம்பர் என்பது அரிசி அளவு கறுப்பு மூடி. அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒருநாள் அவன் முறை, மறுநாள் அவள் முறை. முறை முடிந்ததும் அவரவர் ஜம்பரைக் கழற்றிப் பெட்டிமேல் இருந்த காபிக் கோப்பையில் போட வேண்டும். அடுத்தவர் டிஸ்க்கில் கை வைக்கக் கூடாது. வாய்விட்டுப் பேசி முடிவு செய்த கடைசி விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அணைத்தாள், போட்டாள். டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது, ஆனால் பெட்டிக்குத் தெரியவில்லை. செத்துவிட்டதோ என்று நினைத்தாள். பிறகு அதைவிட மோசமான ஒரு நினைப்பு வந்தது. மெரிதா விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்குமோ? பிளைவுட்டுக்குக் காது உண்டு. அவன் செய்யக்கூடியவன் இல்லை என்று ஒரு மனம் சொன்னது. அவனைப்பற்றி உனக்கு இப்போது என்ன தெரியும் என்று இன்னொன்று கேட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோவில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது.

"என் டிஸ்க்க என்ன பண்ணினே?" என்றாள், பலகையைப் பார்த்து.

ரேடியோ தணிந்தது. "நான் எதுக்குத் தொடப்போறேன்? இன்னிக்கு உன் முறையாச்சே."

"பெட்டிக்கு அது தெரியவே மாட்டேங்குது."

பின் அவன் பனியனோடு வெளியே வந்தான், கையில் டார்ச். அவளைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, கேபிளை ஒரு விரலால் விலக்கி, உள்ளே வெளிச்சம் அடித்தான். அப்படியே இருந்தான். அவன் பிடரி முடி நரைத்திருந்ததை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

"இது ஏது ரெண்டாவது ஜம்பர்?"

காலையில் கோப்பை காலியாக இருந்தது. அவன் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும், கேட்டால் இன்று என்ன அவசரம் என்று அவன் கேட்பான். வானொலி நிலையத்துத் தோழி ஒருத்தியிடம் என்றைக்கோ வாங்கி வைத்திருந்த ஜம்பரை எடுத்துத் தன் டிஸ்க்கில் மாட்டிவிட்டாள். அவன் டிஸ்க் கேபிளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. விலக்கிப் பார்ப்பதும் தொடுவதுதானே என்று பார்க்காமல் விட்டாள்.

"கோப்பை காலியா இருந்துச்சு."

"ஆமா, நேத்து கழட்ட மறந்துட்டேன். கதவுன்னு ஒண்ணு வெச்சிருக்கோமே, தட்டலாம்ல?" டார்ச்சை அணைத்தான். "ரெண்டு பேரும் நாந்தான் பெரியவன்னு நின்னா, பாவம், அது யார் பேச்சத்தான் கேக்கும், கிழவி?"

கல்யாணம் ஆன புதிதில் இருபத்து மூன்று வயதுக்காரியை அப்படித்தான் கூப்பிடுவான். வாய் தவறி வந்திருக்க வேண்டும். இருவரும் அதைக் கேட்காததுபோல் இருந்தார்கள்.

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயம் போகவில்லை, இடம்தான் மாறியது. இன்று எழுத வேண்டும், ரைட்டருக்குக் கேபிளில் இடம் வேண்டும், இடம் வேண்டுமென்றால் அவன் டிஸ்க் வெளியே வர வேண்டும். இதைக் கேட்கத் தயங்கித்தான் அவள் வாரக்கணக்காகத் தள்ளிப்போட்டாள். கேட்டாள். நான்கு மணிக்குள் ஒருவரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவன் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஊர் அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டமும், ஒவ்வொரு பந்தும், ரேடியோவைக் கேட்டு அவன் தட்டி வைத்த கணக்கு. யாருக்கும் உதவாதது. அந்த டிஸ்க்கின் முதுகில் கேபிள் ஏறும் ஊசிப் பின்கள் ஏற்கனவே வளைந்தவை. கேபிளை அசைக்காதே என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தான். பிறகு இரண்டு கையாலும் செருகியைப் பிடித்து மெதுவாக ஆட்டி ஆட்டி இழுத்தான். ஊசி முறிவதுபோல் சின்னச் சத்தம் கேட்டது. அவனும் கேட்டிருப்பான். டிஸ்க்கைத் திருப்பிப் பார்க்காமல் பெட்டிமேல் வைத்தான். அதே செருகியை ரைட்டரில் மாட்டினான்.

பெட்டி எழுந்தது. அவள் டிஸ்க் முதல் இடத்தில், ரைட்டர் இரண்டாவதில்.

"இருக்கறதுலயே மெதுவான வேகத்துல போடு," என்றான். "ஒரே கேபிள். இது பேசும்போது அது வாய மூடிக்கணும். அவசரப்படுத்தினா சிடித் தட்டு வீணாயிடும்."

தட்டு ஒன்றுதான் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது, நின்றது, நகர்ந்தது. அவன் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. கோடு பாதியைத் தொட்டபோது மேலே விளக்கு மங்கியது. ஃபிரிட்ஜ் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் அப்படித்தான் மங்கும். ஒருமுறை அதிலேயே பெட்டி அணைந்திருக்கிறது. கோடு நின்றது. அவன் எழுந்து போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். விளக்கு தெளிந்தது. கோடு நகர்ந்தது.

தட்டு வெளியே வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. சரியாக எழுதியிருக்கிறதா என்று போட்டுப் பார்த்தாள். குழு பாட ஆரம்பித்தது, முதலில் பெண்கள், பின்பு ஆண்கள் அடிக்குரலில். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"எந்த ஊருக்குப் போகுது?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "மெரிதா."

"தட்டு மட்டுமா?"

அவள் பாட்டை நிறுத்தினாள். "இப்போதைக்குத் தட்டு மட்டும்."

அவன் தலையாட்டினான். ஓடு, பஸ் நிக்காது என்றான்.

பஸ்ஸின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எல்வீரா ஜன்னல் வழியாகக் கை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது நெரெய்தாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தச் சின்ன முறிவுச் சத்தம்தான் கூடவே வந்தது.

வீட்டில் ஃபிரிட்ஜ் மறுபடி ஓடியது. ரேடியோ ஓடவில்லை. அவன் நடைவழியில் டிஸ்க்கை மடியில் வைத்து, குண்டூசியால் பின்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பின் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது.

"ஈயம் வெச்சுப் பத்தவைக்க முடியாதா?"

"துறைமுகத்துல ஒருத்தன் இருக்கான். கேக்கணும்." அவள் முகத்தைப் பார்த்தான். "விடு. தோத்த ஆட்டந்தான் பாதிக்கு மேல."

தன் டிஸ்க்கிலிருந்து ஜம்பரைக் கழற்றிக் கோப்பையில் போட்டான். எழுந்து போகும்போது, தடுப்பின் விளிம்பில் கை வைத்து நின்றான்.

"ஜம்பர் ரெண்டு ஆயிடுச்சு," என்றான். "ஆளுதான் குறையுது."

கதவு சாத்திக்கொண்டது. ரேடியோ போடும் சத்தத்துக்காக அவள் வெகுநேரம் காத்திருந்தாள்.