கின்னிக்கோழி ஆம்லெட்

நிலா அக்காவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசிய பிறகே சம்மதம் சொல்வாள். அப்பாவோ, "அதெல்லாம் நம்மூட்டுல வழக்கமில்ல சாமி" என்று முடித்துவிட்டார்.

பெண் பார்க்க வந்தவர்களும் எங்களைப்போலவே புதுச்சத்திரத்து முட்டைப் பண்ணைக்காரர்கள். அவர்களை அசத்த, அப்பா ஆசைக்கு வளர்க்கும் கின்னிக்கோழிகள் சோளக்காட்டில் ஒளித்து இட்டிருந்த முட்டைகளைக் கூடையோடு தூக்கிவந்தார். பண்ணையில் முட்டை தினமும் கூண்டிலிருந்து தானாக உருண்டு வரும். பழசா என்று பார்க்கும் பழக்கமே எங்கள் பரம்பரைக்கு இல்லை. "ஆம்லெட் போட்டுருலாமுங்க" என்று கூடத்திலேயே ஒன்றை உடைத்தார்.

கரும்பச்சைக் குழம்பு வழிந்தது. செத்த எலியைச் சாக்கடையில் ஊறவைத்த நாற்றம்.

"முட்டை எப்படீங்க கெடும்?" என்று மாப்பிள்ளையின் அப்பா இன்னொன்றை உடைத்தார். அப்போதும் நம்பாமல் எங்கப்பா மூன்றாவதை உடைத்தார். நான் கூடத்து ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன்.

அக்காவும் மாப்பிள்ளையும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடியிருந்தார்கள். அங்கே ரொம்ப நேரம் பேசினார்கள். திரும்பி வந்தவள், அப்பா கையில் நான்காவது முட்டையைப் பார்த்து வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"எனக்குச் சம்மதமுங்கப்பா. அந்த முட்டையைக் கீழ வைங்க."