கூட ஓர் ஆள் வேண்டும்

பொய் சொல்லக் கூடாது என்று பிரசங்கம் செய்து முடித்த சூட்டோடு நானே ஒரு பொய் சொன்னேன். அதுவும் சபை நடுவில், ஜெபக் குறிப்பு கேட்கிற நேரத்தில்.

எங்கள் சபை, கேரள எல்லையை ஒட்டிய பாலக்காட்டு மீனாட்சிபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஹால். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் தலையில் கை வைத்து ஜெபிப்பேன். மகளுக்கு வரன் அமையவில்லை, தென்னையில் வெள்ளை ஈ, மருமகன் குடிக்கிறான், மாடு சினை நிற்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட, "பாஸ்டர், உங்களுக்கு என்ன?" என்று கேட்டதில்லை. குடிதண்ணீர்க் குழாயைப் பார்த்து உனக்குத் தாகமா என்று யாராவது கேட்பார்களா?

சில மாதங்களாக எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கத்திக் கத்திப் பிரசங்கம் பண்ணினால் கட்டாமல் என்ன செய்யும் என்று ஆளுக்கொரு கஷாயம் கொடுத்தார்கள். பாலக்காட்டு டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை ரிசல்ட். இதைச் சொல்ல எனக்கு ஒரு நாதி இல்லை. மனைவி சாந்தம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் அனுப்பிரியா பெங்களூரில் நிறைமாதமாக இருக்கிறாள், அவளிடம் எந்த வாயால் சொல்வது?

அதனால்தான் அந்த ஞாயிறு, "ஒரு சகோதரனுக்காக ஜெபிப்போம். வெள்ளிக்கிழம அவருக்கு டெஸ்ட் ரிசல்ட் வருது" என்றேன்.

"என்ன கோளாறுங்க?" என்று முன்வரிசையிலிருந்து சுப்பாத்தாள் கேட்டாள்.

தொண்டை என்றால் கண்டுபிடித்துவிடுவார்களே. "வயித்துல" என்றேன்.

"எந்த ஊருங்க?"

"சித்தூர்ப் பக்கம்." பாலக்காட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர், வாயில் வந்துவிட்டது.

அன்றைக்குச் சபை ஜெபித்த ஜெபத்தைக் கேட்டிருக்க வேண்டும். தகரமே அதிர்ந்தது. சித்தூரில் இல்லாத ஒருவனுடைய வயிற்றுக்காக அத்தனை கண்ணீர்! ஆண்டவரே, இவர்கள் சொல்கிற இடத்திலேயே கை வைத்துவிடாதேயும், கொஞ்சம் மேலே பாரும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சுப்பாத்தாள் வீட்டில் ஜெபம். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் சபைக்கு வருகிறவள். புருஷன் காளிச்சாமி ஞாயிறுதோறும் அவளை டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முடிகிறவரை ஹாலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாரியம்மனைக் கும்பிடுகிற மனுஷன். நான் பைபிளைத் திறந்ததும் எழுந்துவிட்டார்.

"நீங்க கும்புடுங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தர்றனுங்க."

ஒரே ஒரு ஜெபத்துக்கு உட்கார்ந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எப்போதும் இதே கதைதான். ஏதாவது ஒரு வேலை அவருக்குச் சரியாக அந்த நேரத்தில் முளைக்கும்.

சுப்பாத்தாளுக்குச் சித்தூர்க்காரர் கவலைதான். "அவருக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குதுங்களா?"

"கூட யாரும் இல்லம்மா. தனியாத்தான் இருக்காரு."

"அட கெரகமே! அப்ப சோறு தண்ணி ஆருங்க பாப்பாங்க?" என்று உச்சுக்கொட்டியவள், உள்ளே போய் ஒரு பாட்டிலில் மோர் நிரப்பிக்கொண்டு வந்தாள். "அவரு ஊட்டுப் பக்கம் போனீங்கன்னா குடுங்க. வயித்துக்கு நல்லதுங்க."

அந்த மோரை நான்தான் குடித்தேன். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, திருடனைப் போலக் குடித்தேன். அவ்வளவு வெட்கத்தோடு நான் எதையும் வாயில் வைத்ததில்லை. ஆனால் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

வியாழக்கிழமை, பிரசங்கக் கூடுகைக்கான கமிட்டி கூடியது. கோடையில் மூன்று நாள் நடத்துவது, யார் பேசுவது, பந்தல் எங்கே போடுவது என்று பேச்சு. கமிட்டிச் செயலாளர் தனபால், "வெளியாளு எதுக்குங்க? மூணு நாளும் நம்ம பாஸ்டரே பேசட்டும். தொண்டை கட்டுனதுதானுங்களே பிரச்சன? புது மைக்கு வாங்கிப் போட்டர்றோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ், "சின்னமுத்து!" என்று கூப்பிட்டபோது வேறு யாரோ என்று சும்மா இருந்தேன். மறையூரில் அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் அது. சாந்தம்மாளோடு அந்தப் பெயரும் போய்விட்டது. மீனாட்சிபுரத்தில் நான் வெறும் பாஸ்டர். இன்னொரு தடவை கூப்பிடமாட்டாளா என்றிருந்தது, கூப்பிட்டாள்.

டாக்டர் புற்று என்றார். ஆரம்பம்தான், ஆபரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். திங்கட்கிழமையே வந்து படுக்க வேண்டுமாம்.

"பைஸ்டாண்டர் ஆரா?" என்று நர்ஸ் கேட்டாள். நோயாளிக்குத் துணையாகத் தங்குகிற ஆளுக்குக் கேரளத்து ஆஸ்பத்திரிகளில் அதுதான் பெயர். அந்த ஆள் இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குச் சேர்க்கமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

எனக்கா அந்த வார்த்தை தெரியாது? சபையில் பாதிப் பேருக்கு நான் பைஸ்டாண்டராக இருந்திருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். தனபாலின் அப்பாவுக்கு மூத்திரப் பை மாற்றியதே இந்தக் கைதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் போனை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அத்தனையும் என்னைக் கூப்பிடுகிற பெயர்கள். நான் கூப்பிட்டு உதவி கேட்கிற பெயர் ஒன்றுகூட இல்லை.

சனிக்கிழமை முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊர்க்காரன் மாட்டுக்கெல்லாம் கேட்டேனே, எனக்கு ஒரு ஆளைக் கொடுக்கக் கூடாதா என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். கத்தவும் குரல் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜெபக் குறிப்பு நேரம் வந்ததும் சுப்பாத்தாள்தான் முதலில் எழுந்தாள். "அந்தச் சித்தூர்க்காரருக்கு என்னாச்சுங்க?"

"சித்தூர்ல அப்படி யாரும் இல்லம்மா" என்றேன். "அது நான்தான். வயிறு இல்ல, தொண்ட. புத்துநோய்ன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு பாலக்காட்டுல அட்மிட் ஆகணும். கூட இருக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

யாரோ விம்மினார்கள். தனபால் எழுந்து, கண் கலங்க, "எல்லாரும் கண்ண மூடுங்க. பாஸ்டருக்காக ஜெபிக்கோணும்" என்றார். சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் நீட்டினார். "நடத்துங்க பாஸ்டர்."

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஹாலில் ஜெபத்தை ஆரம்பிக்கிறவன் நான்தான். வேறு வழக்கத்தை நான் பழக்கியதில்லை. எல்லோரும் தலை குனிந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நான் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். ஒரு கைகூட என் தலையை நோக்கி வரவில்லை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வாசலில் ஆள் அசைந்தது. காளிச்சாமி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் தடவையாக ஹாலுக்குள் வந்தார். கண் திறந்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஜெபம் கெடக் கூடாதென்று மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, நாளைக்கு எந்த பஸ்ஸுங்க?"

மைக்கை இறக்கி, "மொத பஸ்" என்றேன்.

"செரிங்க. மாத்துத் துணி எடுத்துட்டு வந்தர்றன். கீழ படுக்கறதுக்கு எனக்கொண்ணும் சங்கடமில்லீங்க."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மைக்கை மறுபடி வாய்க்கு நேரே தூக்கியபடியே அழுதேன். உடைந்த குரலில் அழுத அழுகை ஸ்பீக்கரில் ஹால் முழுக்கக் கேட்டது. ஜெபம்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சபையார் கண்ணைத் திறக்காமலே, "ஆமென்" என்றார்கள்.